கொழுத்த ரவை

ராட்டினத்துக்கு வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். கையில் காசு இருக்கும், செய்வதற்கு வேலை இருக்காது. பிள்ளை ஒரு பக்கம் சட்டையைப் பிடித்து இழுக்கும், பெண்டாட்டி இன்னொரு பக்கம் மிளகாய் பஜ்ஜி வாசத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்படி நிற்கிறவனுடைய கண்ணுக்கு நேரே ஒரு பலகை நிறைய பலூனைக் கட்டி, ஒரு காற்றுத் துப்பாக்கியையும் எடுத்து நீட்டினால் சுடாமல் போவானா? போகமாட்டான். பலூன் வெடித்தால் இன்னொரு தரம் சுடுவான். வெடிக்காவிட்டால் பெண்டாட்டி சிரிப்பாள், அதற்காகவே இரண்டு தரம் சுடுவான்.

விஜிலாவுக்கு இது நன்றாகத் தெரியும். தெரிந்துதான், தூத்துக்குடி மாதா கோயில் திருவிழா மைதானத்தில் ராட்டினத்துக்கு எதிர்த்த இடத்துக்காக வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தாள். அதுவரை அவளுடைய பலூன் கடை தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. அங்கே வருகிறவர்கள் கை கழுவ வருகிறவர்கள். ஈரக் கையோடு எவன் துப்பாக்கி பிடிப்பான்? போன வருஷம்தான் ராட்டினத்து இடம் அவள் பேருக்கு வந்தது. வந்த கையோடு திருவிழா முடிகிறதற்குள், ஒரு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த மகளுடைய நர்சிங் படிப்புச் செலவு ஒழுங்காகிவிட்டது. மகளுக்கு இன்னும் படிப்பு பாக்கி இருக்கிறது. ஆகவே அந்த இடமும் இருந்தாக வேண்டும்.

இடத்தை வைத்துக்கொள்ள மைதானத்துக் குத்தகைக்காரர் நேசக்குமார் ஒரே ஒரு சட்டம்தான் போட்டிருந்தார். தினம் மூன்று வேளை செபத்துக்குக் கோயிலில் திரிகால மணி அடிப்பார்கள்; கொடியேற்றத்தன்று சாயங்காலம் அந்த மணி அடிக்கும்போது கடை நடந்துகொண்டிருக்க வேண்டும். இல்லையென்றால் இடம், அடுத்துக் கேட்டு நிற்கிறவர்களுக்குப் போய்விடும்.

"படுதாவத் தூக்கிக் கட்டிட்டு உள்ள உக்காந்து வெத்தல போட்டா அது கடை இல்ல கேட்டியளா. வெடிச் சத்தம் என் காதுல விழணும்" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

வெடிச் சத்தம் கேட்க வேண்டுமானால் ரவை வேண்டும். துப்பாக்கிக்குள் போடுகிற சின்ன ஈய ரவை. அதை விஜிலா வாங்குவது பஜாரில் காசிலிங்கம் அண்ணாச்சி கடையில்தான். பலூன், தொப்பி, ஊதல், பொம்மைக் கண்ணாடி என்று திருவிழாச் சாமான் அத்தனையும் மொத்த விலைக்குக் கொடுக்கிற கடை. விஜிலாவின் அப்பா பலூன் கடை போட்ட காலத்திலிருந்து அங்கேதான் வரத்து. கடை வாசலில் நின்று "எப்பவும் போல குடுங்க அண்ணாச்சி" என்று சொன்னால் போதும், அண்ணாச்சி டப்பாக்களை எடுத்து அடுக்கிவிடுவார். ஒருநாளும் அதற்கு மேல் ஒரு வார்த்தை அவள் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்த வருஷம் கொடியேற்றத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அண்ணாச்சி டப்பா விலையைச் சொன்னார். விஜிலா நெஞ்சில் கை வைத்தாள்.

"ஏன் அண்ணாச்சி, உள்ள இருக்கது ஈயமா முத்தா?"

"கம்பெனிக்காரன் ஏத்திட்டான்மா. நான் என்ன செய்யட்டும்?"

"நீங்க ஏரல்காரர், வியாபாரத்துக்குப் பேர்போன ஊரு. இந்த வியாபாரத்த எல்லாம் என்கிட்ட காட்டாதிய."

"ஏரல்காரன் என்னைக்குத் தப்பு வெல சொன்னான்? இந்தா, ஒரு வழி சொல்லுதேன் கேளு. பெட்டியப் பிரிக்காம முழுசா எடுத்தா கம்பெனி வெலைக்கே தாரேன். போன வருஷ வெலைய விடக் கொறவாத்தான் வரும். ஆனா ஒரு பெட்டி உனக்கு ரொம்ப அதிகம். நீயும் பெனிஸ்டனும் ஆளுக்குப் பாதியா…"

"அவன் பேர எடுத்தியன்னா நான் கடைய விட்டு எறங்கிருவேன்" என்றாள் விஜிலா.

பெனிஸ்டன் வேறு யாரும் இல்லை, அவள் புருஷன் இனிகோவுக்குச் சித்தப்பா மகன். இவளுடைய கடையில் பலூன் ஊதிக் கொடுத்துக்கொண்டிருந்தவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் தனியாக ஒரு துப்பாக்கி வாங்கி, ராட்டினத்துக்கு மறுபக்கம் தனியாக ஒரு பலூன் கடை போட்டுவிட்டான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. "மைனி, நானும் ஒரு கடை போடலாம்னு இருக்கேன்" என்று வந்து கேட்டிருந்தால் அவளே தன் கையால் பலகை அடித்துக் கொடுத்திருப்பாள். கேட்கவில்லை என்பதுதான் அவளுக்குக் கோபம். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. ஞானஸ்நான வீட்டுப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தும், "அந்த ரசத்த இங்கன தள்ளச் சொல்லுங்க" என்று எதிர் வரிசைக்காரரிடம் சொல்லி வாங்கியவள் அவள்.

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவனும் இதத்தான் சொன்னான். ரெண்டு பேரும் ஒரே வாயி."

"ஊருல உங்க கடை ஒண்ணுதான் கடையா?" என்று சொல்லிவிட்டு விஜிலா படி இறங்கினாள். இறங்கும்போதே 'இதைச் சொல்லியிருக்க வேண்டாம்' என்றும் இருந்தது. ஆனால் இறங்கின படியில் திரும்ப ஏறுவதற்கு அவளுக்குத் தெரியாது.

வீட்டில் இனிகோ வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தான். ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். கரையில் இருக்கிற நேரமெல்லாம் டீக்கடைச் செய்திகளை வீட்டுக்குக் கொண்டு சேர்ப்பதுதான் அவனுடைய இரண்டாவது தொழில்.

"எதுக்கு அண்ணாச்சிகிட்ட போய் நிக்கே? ஹார்பர் ரோட்டுல தங்கப்பாண்டின்னு ஒருத்தன் ஷெட்டு போட்டிருக்கான். கேப்பாரில்லாம கெடக்குற கன்டெய்னர் சாமான ஏலத்துல எடுத்து விக்கான். போன மாசம் குழந்தைக்குக் கட்டுற பேம்பர்ஸ். இப்ப துப்பாக்கி ரவை வந்திருக்காம். கிலோக் கணக்கு."

"கிலோக் கணக்கா?" விஜிலாவின் கண் விரிந்தது.

அங்கேதான் சங்கதி இருக்கிறது. திருவிழா இல்லாத மாசங்களில் விஜிலா இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். குளிர்ந்த அறையில், முட்டு வரை பூட்ஸ் போட்டு நின்று, இறாலைப் பருமன் பார்த்துப் பிரிக்கிற வேலை. கிலோவுக்கு எத்தனை நிற்கும் என்பதைக் கையில் அள்ளியதுமே சொல்லுவாள். கிலோவுக்குக் குறைவாக நின்றால் பருமன் இறால், விலை அதிகம். நிறைய நின்றால் பொடி இறால், விலை இல்லை. 'கிலோ' என்ற சொல் காதில் விழுந்ததும், ஊருக்குப் புதுசாக வந்தவளைப் போல இருந்தவள் சொந்த வீட்டுக்குள் வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு பேரும் மொபட்டில் போனார்கள். துப்பாக்கியைக் கையில் எடுத்துப் போய்ப் போட்டுப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை வரத்தான் செய்தது. "துறைமுகத்து ரோட்டுல துப்பாக்கியத் தூக்கிட்டுப் போனா செக்போஸ்ட்டுல என்ன சொல்லுவ? பலூன் சுடப் போறேன்னா? உன்னைய நம்புவான், என் மொகத்தப் பாத்தா நம்ப மாட்டான்" என்று இனிகோ சொல்லிவிட்டான். அதிலும் நியாயம் இருந்தது.

தங்கப்பாண்டியின் தகரக் கொட்டகையில் பிளாஸ்டிக் பூ ஒரு மலையாகவும் சைக்கிள் மணி ஒரு மலையாகவும் கிடந்தன. ரவை கோணிச் சாக்கில் இருந்தது.

"டப்பா எல்லாம் தண்ணி பட்டு துருவேறிப் போச்சு அண்ணே. அதனால பிரிச்சுக் கொட்டிட்டேன். சாமானுக்கு ஒரு கொறையும் இல்ல. ஆனா எடுத்தா எடுத்ததுதான், திரும்பக் கொண்டாந்து நிக்கப்புடாது. இப்பவே சொல்லிட்டேன்" என்றான் தங்கப்பாண்டி. அவனைக் குறை சொல்ல முடியாது. இருந்ததை இருந்தபடி சொன்னான்.

விஜிலா சாக்குக்குள் தோள் வரை கையை விட்டாள். மேலே நல்லதை வைத்து அடியில் பொடியைப் போடுகிற கூடைகளை அவள் எத்தனையோ பார்த்தவள். அடியிலிருந்து ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினாள். மேலே இருந்த மாதிரியே அடியிலும் இருந்தது. எல்லாம் ஒரே அளவு. அது மட்டுமா? ஒவ்வொன்றும் கொழுகொழுவென்று இருந்தது.

"இங்க பாத்தியளா?" என்று இனிகோவின் காதில் சொன்னாள். "அண்ணாச்சி தாரத விட நல்ல பருமன்."

இனிகோ தன் பங்குக்கு ஒன்றை எடுத்து வாயில் போட்டுக் கடித்தான். வலைக்குக் கோர்க்கிற ஈயக்குண்டை அவன் வீட்டில் அப்படித்தான் பார்ப்பார்கள். பல் பதிந்தால் சுத்த ஈயம். பதியாவிட்டால் கலப்படம். வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். பல்லின் தடம் அழகாகப் பதிந்திருந்தது.

"சொக்கத் தங்கம் மாதிரி இருக்குளா!"

"துப்புங்க முதல்ல. ஈயத்த முழுங்கித் தொலைக்காதிய."

அப்புறம் பேரம். விஜிலா பேரம் பேசி முடித்தபோது தங்கப்பாண்டி இரண்டு சைக்கிள் மணியும் சேர்த்துக் கொடுத்து அனுப்பினான், போனால் போதும் என்று. பருமன் ரவையைப் பொடி ரவையின் விலைக்கும் கீழே வாங்கிவிட்டோம் என்று வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பு. மொபட்டின் பின்னால் உட்கார்ந்து ஒரு மணியை அடித்துக்கொண்டே வந்தாள்.

கொடியேற்றத்துக்கு முந்தின நாள் மத்தியானம் ராட்டினத்துக்கு எதிரே வேப்பமரத்தடியில் கடையைக் கட்டினார்கள். பலகை நின்றது, படுதா நின்றது, சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகப் பலூன்கள் ஆடின. ஆடிக் காற்று, கேட்க வேண்டுமா? பலூன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சத்தம் போட்டன. விஜிலா துப்பாக்கியின் குழலை மடக்கினாள். சாக்கிலிருந்து ஒரு ரவையை எடுத்து ஓட்டையில் வைத்தாள்.

ரவை ஓட்டைமேல் உட்கார்ந்தது. உள்ளே போகவில்லை.

கட்டை விரலால் அழுத்தினாள். போகவில்லை. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் கல்யாணத்துக்கு வந்த சம்பந்தியைப் போல வாசலிலேயே நின்றது. இனிகோ வாங்கிப் பார்த்தான். சாவியின் முனையால் தள்ளினான். ரவை நசுங்கியதே தவிர இறங்கவில்லை.

"துப்பாக்கி சுருங்கிப் போச்சோ?" என்றான்.

விஜிலா, போன வருஷத்து மிச்சமாக டப்பா மூலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை ரவையைத் தட்டி எடுத்து, புதுசின் பக்கத்தில் வைத்தாள். ஒன்று பொடியன், ஒன்று பெரியப்பன். பொடியன் ஓட்டைக்குள் 'இதோ வந்துவிட்டேன்' என்று வழுக்கிப் போனது.

அப்போதுதான் அவளுக்குக் காசிலிங்கம் அண்ணாச்சி ஞாபகம் வந்தார். வேறு ஆட்கள் ரவை கேட்டால் அவர் "நாலரையா, அஞ்சரையா?" என்று கேட்பது காதில் விழுந்திருக்கிறது. அது விலையைச் சேர்ந்த பேச்சு என்று நினைத்திருந்தாள். இரண்டு அளவுத் துப்பாக்கி உலகத்தில் இருக்கிறது என்றும், தன் துப்பாக்கி நாலரை மில்லிமீட்டர் என்றும், தன் கையில் இருப்பது ஒரு சாக்கு அஞ்சரை என்றும் அந்த வேப்பமரத்தடியில் நின்றுதான் விஜிலா தெரிந்துகொண்டாள். எப்பவும் போல, எப்பவும் போல என்று சொல்லிச் சொல்லியே இவ்வளவு காலம் ஓடியிருக்கிறது!

அண்ணாச்சிக்குப் போன் போட்டாள். படி இறங்கின கோபத்தை எல்லாம் விழுங்கிக்கொண்டு, "அண்ணாச்சி, எப்ப… நாலரை டப்பா இருக்கா?" என்றாள்.

"நாலரையா? பரவால்லியே" என்றார் அண்ணாச்சி. "தனி டப்பா எல்லாம் தீந்து போச்சும்மா, திருவிழா இல்லையா? பிரிக்காத பெட்டி ஒண்ணே ஒண்ணு இருக்கு. முழுசா எடுத்தா எடு. பாதி பெட்டிய வச்சுக்கிட்டு அடுத்த திருவிழா வரைக்கும் நான் என்ன செய்ய?"

முழுப் பெட்டிக்கு அவளிடம் வழி இல்லை. இருந்த பணம் எல்லாம் ஈயமாகிச் சாக்குக்குள் இருந்தது.

மறுநாள் விடிந்தது. கோயில் மணி முழங்க, கொடி ஏறியது. ஊரே அண்ணாந்து பார்த்து "மாதாவே!" என்றது. விஜிலாவும் அண்ணாந்து பார்த்தாள். "மாதாவே, என் பேராசைய மன்னிச்சிரு. ஆனா எடத்த மட்டும் புடுங்கிராத" என்று வேண்டிக்கொண்டாள். பூசை முடிந்ததும் நேசக்குமார் அவளைத் தாண்டிப் போனார். "என்னம்மா, சாயங்காலம் மணிக்கு வெடிச் சத்தம் கேக்குமா? பஞ்சு மிட்டாய்க்காரன் அந்த எடத்தக் கேட்டு ஒத்தக் கால்ல நிக்கான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இனிகோ சாக்கை மொபட்டில் ஏற்றினான். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் விஜிலாவின் கூடப்பிறந்த அக்கா டெல்பின் வலைக்கடை வைத்திருக்கிறாள். வலை, கயிறு, மிதவை, ஈயக்குண்டு எல்லாம் அங்கே கிடைக்கும். ஈயத்தை உருக்கி வார்க்கிறதற்குப் பின்பக்கம் ஒரு கொட்டகையும் உண்டு. ரவையாக உதவாதது ஈயமாகவாவது உதவுமே என்பது இனிகோவின் யோசனை. நல்ல யோசனைதான், ஆனால் அக்கா வாயைத் தாண்டித்தான் போக வேண்டும்.

டெல்பின் சாக்கைப் பிரித்து ஒரு பிடி அள்ளினாள். பார்த்தாள். அப்படியே சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து வலைக்கட்டின்மேல் சாய்ந்துவிட்டாள்.

"எதுக்குக்கா சிரிக்கே?"

"நீ முதல்ல சொல்லு. எதப் பாத்து இத வாங்குன?"

"பருமனா இருந்துச்சு…"

"ஏளா கூறுகெட்டவளே! இறாலுன்னா பருமன் நல்லது. எண்ணிச் சுடுற சாமானு கிலோவுக்கு நெறைய நின்னாத்தான உனக்கு லாபம்? துப்பாக்கிக்குள்ள போயிருந்தாக் கூட உனக்கு நட்டந்தான் இது! இவன் என்ன செஞ்சான், கூட வந்தவன்?"

"நான் கடிச்சுப் பாத்தேன் மைனி" என்றான் இனிகோ, ஏதோ பெரிய காரியம் செய்தவன் மாதிரி. "சுத்த ஈயம்."

"சுத்த ஈயந்தான். அதுல கொறை சொல்ல மாட்டேன். பழைய பேட்டரிய உடைச்சு வார ஈயத்த விட நூறு மடங்கு நல்லது. நீங்க கொண்டாந்த வெலைக்குக் கொஞ்சம் கீழ எடுத்துக்கிடுதேன். ஆனா இதுக்கு மேல ஊருக்குள்ள எவனும் கொண்டாந்தா நான் எடுக்க மாட்டேன், சொல்லிட்டேன். ஒரே நாள்ல ரெண்டு சாக்கு!"

விஜிலா நிமிர்ந்தாள். "ரெண்டா?"

டெல்பின் மறுபடி சிரிப்பில் விழுந்தாள். பின்பக்கக் கொட்டகையைக் கையால் காட்டினாள். வார்ப்புச் சட்டிக்குப் பக்கத்தில் இன்னொரு கோணிச் சாக்கு இருந்தது. அதே சாக்கு, அதே ரவை, அதே பெரியப்பன்மார்.

"காலைல பூசைக்கு மணி அடிக்கதுக்கு முன்னாலயே ஒருத்தன் கொண்டாந்து போட்டான். 'யார்கிட்டயும் சொல்லாதிய'ன்னு சத்தியம் கேட்டான். நான் சொல்லல. நீயா பாத்துக்கிட்ட."

"யாரு?"

"சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்லா? உன் கொழுந்தன்னு சொன்னா அது சொன்னதா ஆயிரும்."

விஜிலா அந்தச் சாக்குப் பக்கம் போனாள். பிறகு அவளுடைய உதடு ஒரு ஓரத்தில் நெளிந்தது. ஒரு ரவையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"மைதானத்துக்கு வண்டிய விடுங்க" என்றாள் இனிகோவிடம்.

ராட்டினத்துக்கு மறுபக்கம் பெனிஸ்டன் கடை தயாராக இருந்தது. பலகை நிறைய பலூன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்து துப்பாக்கிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான். எண்ணெய் தரையில் சொட்டுகிற அளவுக்குப் போட்டிருந்தான். மைனியைக் கண்டதும் எழுந்திருக்கலாமா வேண்டாமா என்று பாதி எழுந்து பாதி உட்கார்ந்தான்.

"கடை எப்பத் தொறப்பு?" விஜிலா துப்பாக்கியைப் பார்த்துக் கேட்டாள். அவனைப் பார்த்துக் கேட்கிற அளவுக்கு இன்னும் வரவில்லை.

"மணிக்கு முன்னால தொறந்திருவேன்" என்றான் அவனும் பலூனைப் பார்த்து. "நீங்க?"

"நானும் மணிக்கு முன்னாலதான்."

"நல்லது."

"ஒண்ணு சுட்டுக் காட்டு பாப்போம். சத்தம் எப்படி இருக்குன்னு கேட்டுக்கிடுதேன்."

"இப்பவா? இப்பச் சுட்டா… பலூன் கொறஞ்சு போகும்லா?"

விஜிலா முந்தானையை அவிழ்த்து அந்த ஒற்றை ரவையை அவன் முன்னால் போட்டாள். அது உருண்டு அவன் கால்பக்கம் போய் நின்றது. பெனிஸ்டன் அதைப் பார்த்தான். மைனியைப் பார்த்தான். சட்டைப் பையில் கையை விட்டு, தன்னிடம் இருந்த ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. அவனுடையதில் ஒரு பல்லின் தடம் பதிந்திருந்தது.

"நீயும் கடிச்சியாலே?"

"எங்க அப்பா அப்படித்தான மைனி பாப்பாரு…"

அதற்கு மேல் விஜிலாவால் முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. பெனிஸ்டனும் சிரித்தான். இனிகோ இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எதற்கென்று கேட்காமல் தானும் சிரித்தான். ராட்டினத்துக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவன் மேலேயிருந்து எட்டிப் பார்த்தான்.

சிரித்து முடித்ததும் பெனிஸ்டன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நீங்க தங்கப்பாண்டிகிட்ட வாங்கியாச்சுன்னு கேள்விப்பட்டேன். மைனி வாங்குனா சரியாத்தான் இருக்கும்னு மிச்சத்த அப்படியே அள்ளிட்டு வந்துட்டேன்" என்றான்.

இதைக் கேட்டதும் விஜிலாவுக்குச் சிரிப்பு நின்றுபோனது. இரண்டு வருஷமாகப் பேசாதவன், இன்றைக்கும் அவள் கை வைத்த சாமானை நம்பி வாங்கியிருக்கிறான். நெஞ்சுக்குள் எங்கேயோ ஒரு முடிச்சு, அவள் அவிழ்க்காமலே தானாக அவிழ்ந்தது.

"கடை போடுததுக்கு முன்னால என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லாலே?"

"கேட்டா வேண்டாம்னு சொல்லிருவியளோன்னு பயமா இருந்துச்சு மைனி."

"சொல்லித்தான் இருப்பேன். அப்புறம் வச்சுக்கோன்னும் சொல்லிருப்பேன். வண்டிய எடு, அண்ணாச்சி சாப்பிட்டுப் படுக்கதுக்குள்ள போவணும்."

பஜாரில் காசிலிங்கம் அண்ணாச்சி சாப்பாட்டுத் தூக்கை மூடிக்கொண்டிருந்தார். படியில் மைனியும் கொழுந்தனும் சேர்ந்து ஏறி வந்ததைப் பார்த்தவர், எழுந்து வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்.

"மழை எதுவும் வருதான்னு பாக்கேன்" என்றார்.

"கேலி பண்ணாதிய அண்ணாச்சி. அந்தப் பெட்டி இருக்கா?"

"இருக்கு. நாலரையா, அஞ்சரையா?"

"நாலரை!" என்று இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி சேர்ந்து கத்தினார்கள். தெருவில் போன ஒருத்தர் திரும்பிப் பார்த்தார்.

இந்தத் தடவை விஜிலா 'எப்பவும் போல' என்று சொல்லவில்லை. ஒரு டப்பாவைத் திறக்கச் சொல்லி, கண்ணாடி மேஜைமேல் ஒரு பிடியைக் கொட்டினாள். ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தாள். பாவாடை மாதிரி விரிந்திருக்கிற பின்பக்கம் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். கையோடு கொண்டுவந்திருந்த துப்பாக்கிக் குழலில் போட்டுப் பார்த்தாள். அண்ணாச்சி மின்விசிறியின் காற்றைக் கொஞ்சம் கூட்டிவிட்டார்.

"ரவை நல்லாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில்.

"நசுங்குனது இருந்தா கொண்டா, மாத்தித் தாரேன். என்னைக்கு இல்லேன்னேன்?"

டெல்பின் கொடுத்த பணத்தை இரண்டு பேரும் மேஜைமேல் வைத்தார்கள். பெட்டி விலைக்குச் சரியாக இருந்தது, ஒரு டீக்கு மிஞ்சியது. டப்பாக்களைப் படகில் மீன் பங்கு வைக்கிறபடியே தரையில் வைத்துப் பிரித்தார்கள். உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. கடைசியில் ஒரு டப்பா நடுவில் ஒற்றையாக நின்றது.

"நீங்க எடுத்துக்கிடுங்க மைனி."

"எனக்கு வேண்டாம். நீ சின்னவன், நீ எடு."

"ரெண்டு வருஷம் சண்ட போட்டது பத்தாதா? இப்ப இதுக்கு ஆரம்பிக்காதிய" என்றார் அண்ணாச்சி.

அப்போது இனிகோ வாசலில் நின்றபடி ஒரு வார்த்தை சொன்னான். அன்றைக்கு அவன் பேசியதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான். "பிரிச்சு மிஞ்சுனது மாதா பங்குல்லா?"

ஆமாம். படகில் பங்கு வைத்தபின் மிஞ்சுகிற மீன் அவர்களுடைய குடும்பத்தில் கோயிலுக்குத்தான். ஆனால் மாதா துப்பாக்கி ரவையை வைத்துக்கொண்டு என்ன செய்வாள்? மூன்று பேரும் யோசித்தார்கள். கடைசியில், திருவிழாவுக்குக் கோயில் விடுதிப் பிள்ளைகளை அழைத்து வருகிற நாளில் அந்த டப்பாவைத் திறப்பது, பிள்ளைகள் இரண்டு கடையிலும் ஆசை தீரச் சும்மா சுடட்டும் என்று தீர்மானமானது. அண்ணாச்சி அந்த டப்பாவுக்கு மேலே தன் பங்காக ஒரு பொட்டலம் பலூனை வைத்தார்.

சாயங்காலம் மைதானத்தில் விளக்கு எரிந்தது. ராட்டினம் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துக்கொண்டது. நேசக்குமார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் பஞ்சு மிட்டாய்க்காரன் நின்றான்.

கோயில் கோபுரத்தில் திரிகால மணி அடிக்கத் தொடங்கியது. எல்லாரும் நின்ற இடத்திலேயே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கடைசி மணி காற்றில் கரைவதற்கும் விஜிலாவின் கடையில் 'டப்' என்று ஒரு பலூன் வெடிப்பதற்கும் சரியாக இருந்தது. அவளே சுட்டாள். ராட்டினத்துக்கு மறுபக்கத்திலிருந்து 'டப்' என்று இன்னொரு சத்தம் பதிலாக வந்தது.

நேசக்குமார் தலையை ஆட்டினார். பஞ்சு மிட்டாய்க்காரன் பக்கம் திரும்பி, "நீ அந்தத் தண்ணித் தொட்டிப் பக்கம் போ. கை கழுவ வாரவங்களுக்கு இனிப்பு விக்கலாம்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் காசிலிங்கம் அண்ணாச்சி பேத்திகளோடு வந்து சேர்ந்தார். கொடியேற்றத்தன்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றாமல் அந்த வீட்டில் யாரும் இரவு சாப்பிடுவதில்லை. ஏற்றிவிட்டு வரும்போது விஜிலா கடையில் சுடுவதும் வருஷாவருஷம் உண்டு. ஒரு வருஷமாவது பலூன் வெடித்தது கிடையாது. இருந்தாலும் துப்பாக்கியை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, வெகு நேரம் குறி பார்த்தார். பேத்திகள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

சுட்டார். பலகையில் 'டொக்' என்றது. பலூன்கள் எல்லாம் சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தன.

அண்ணாச்சி துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரவை சரியில்லையே!" என்றார்.

"அண்ணாச்சி!" என்று விஜிலா இந்தப் பக்கத்திலிருந்தும் பெனிஸ்டன் அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரே குரலில் கத்தினார்கள். "அது உங்க கடை ரவை!"

ராட்டினத்து வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. சிரித்த கையோடு, கையில் காசு இருந்து செய்வதற்கு வேலை இல்லாத ஒருத்தன் வரிசையை விட்டு விலகி, "எனக்கு ஒண்ணு குடுங்க" என்று விஜிலாவிடம் வந்து நின்றான். பின்னாலேயே பெண்டாட்டியும் வந்து நின்றாள். "நீங்க எங்கன சுடுதியன்னு நானும் பாக்கேன்" என்றாள் அவள்.